இரவு டேக்ஆஃப்: ஸ்டெரைல் நேரத்தில் கேபினிலிருந்து காக்பிட்டைக் கூப்பிடலாமா?

#1 – கேலிவாசல்

கேபின் க்ரூ பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் விஷயம். தமிழில் ஒரே இடத்தில் பதில் கிடந்தால் உதவும் என்று இழையைத் தொடங்குகிறேன்.

10,000 அடி வரை ஸ்டெரைல் காக்பிட் (விமானிகளின் கவனம் பறப்பைவிட்டுச் சிதறக் கூடாத நேரம்), அவசியம் இல்லாமல் கூப்பிடக் கூடாது என்று வகுப்பில் சொல்லிவிடுகிறார்கள். எது அவசியம் என்பதைத்தான் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. சென்னை, திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற விமானங்கள் நிறைய நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. ஜன்னலுக்கு வெளியே இருட்டு. ஒரு சத்தமோ வெளிச்சமோ வாடையோ வந்தால் சொல்வதா, 10,000 அடி தாண்டி டிங் அடிக்கும்வரை பொறுப்பதா? சொன்னால் எந்த வார்த்தைகளில்? டேக்ஆஃப் ஓட்டத்தின் நடுவில் என்றால் என்ன செய்வது?

#2 – வலதுஇருக்கை

ஏர்பஸ் ஏ320 காக்பிட் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

விதி எதற்கு வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சார்லட்டில் ஈஸ்டர்ன் 212 தரையிறங்க வரும்போது விழுந்தது. காக்பிட்டில் சம்பந்தமில்லாத பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இப்படிச் சில விபத்துகளுக்குப் பிறகு 1981-இல் அமெரிக்க விமான நிர்வாகம் இந்த விதியைக் கொண்டுவந்தது. மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன. தடை செய்யப்பட்டது வெட்டிப் பேச்சும், பறப்புக்கு வேண்டாத வேலையும்தான். "உணவு ஓவன் சூடாகவில்லை", "வரிசை 14-இல் ஒருவர் கனெக்டிங் ஃப்ளைட் கேட்கிறார்" என்பவை அந்த வகை. பாதுகாப்பு பற்றிய தகவலை எந்த விதியும் எங்கேயும் தடுக்கவில்லை.

நேரத்தை நான் மூன்றாகப் பிரிப்பேன்.

புஷ்பேக்கிலிருந்து (விமானத்தை வண்டியால் பின்னால் தள்ளுவது) ரன்வேயில் வரிசைக்கு நிற்கும் வரை: சந்தேகம் இருந்தாலே கூப்பிடுங்கள். பார்க்கிங் பிரேக் போட்டு நிற்பதில் எங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. பின்னால் வரிசையில் காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

டேக்ஆஃப் பவர் வைத்ததிலிருந்து சக்கரம் உள்ளே மடங்கும் வரை: ஒரு நிமிடத்துக்குள் முடிகிற காரியம். நீங்கள் கூப்பிட்டாலும் அநேகமாக எடுக்க மாட்டோம். ஏர்பஸ்ஸில் 100 நாட், போயிங்கில் 80 நாட் வேகம் தாண்டினால் பெரிய காரணத்துக்கு மட்டுமே நிறுத்துவோம். வி1 (நிறுத்த முடிவெடுக்கக் கடைசி வேகம்) தாண்டினால் நிறுத்தவே முடியாது. அந்த வேகத்தில் பாதிச் செய்தி காதில் விழுவது, ஒன்றும் விழாததைவிட மோசம். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள், நினைவில் வையுங்கள்.

சக்கரம் மடங்கியதிலிருந்து 10,000 அடி வரை: பாதுகாப்பு விஷயம் என்றால் உடனே கூப்பிடுங்கள். பலர் தவறாகப் புரிந்துகொள்வது இந்தக் கட்டத்தைத்தான். ஏன் காத்திருக்கக் கூடாது என்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது, டெயில் ஸ்ட்ரைக். அதைத் தனியாக எழுதுகிறேன்.

#3 – கட்டுநாயக்கா

நேரத்தைத் தம்பி வடிவாச் சொல்லிட்டார். நான் கதைக்கிற முறையைப் பற்றிச் சொல்றன்.

எங்கட ஆக்கள் செய்யிற முதல் பிழை, கண்டதைச் சொல்லாமல் தாங்கள் நினைச்சதைச் சொல்றது. "என்ஜினில நெருப்பு" எண்டு சொன்னா அது ஒரு முடிவு. காக்பிட்டில ஃபயர் வார்னிங் இல்லை எண்டால் கப்டன் "இஞ்ச ஒண்டும் இல்லையே" எண்டு விட்டிடுவார். அதுக்குப் பதிலா ஆர், எங்க, என்ன, இப்ப எப்பிடி எண்டு நாலு துண்டாச் சொல்லுங்கோ. கம்பனியில ஆங்கிலத்திலதான் சொல்லோணும், ஆனா ஒழுங்கு இதுதான் (கேலி எண்டால் விமானச் சமையலறை):

"பின் கேலி. விமானத்தின் இடது என்ஜின். பின்பக்கத்திலிருந்து மஞ்சள் சுவாலை, விட்டு விட்டு, சத்தத்தோடு. இப்பவும் வருது."

"விமானத்தின் இடது" எண்டு சேர்த்துச் சொல்றது முக்கியம். முன் கதவடி ஜம்ப்சீட் (க்ரூ இருக்கிற மடிப்பு இருக்கை) வாலைப் பார்த்திருக்கும். அதில இருக்கிறவைக்குத் தங்கட இடக்கை, விமானத்தின்ர வலப்பக்கம். சந்தேகமெண்டால் வரிசை எண்ணையும் சீட் எழுத்தையும் சொல்லுங்கோ. ஏ320-இல 'ஏ' சீட் எப்பவும் விமானத்தின்ர இடப்பக்கம். அதில குழப்பமே வராது.

இதுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் குடுக்கிறன் எண்டால், இங்கிலாந்தின்ர கெக்வேர்த் விபத்து. 1989 ஜனவரி 8, இரவு, லண்டனில இருந்து பெல்பாஸ்ட் போன 737-400. இடது என்ஜினில ஃபேன் பிளேட் உடைஞ்சது. விமானிகள் வலது என்ஜினை நிப்பாட்டினவை. கப்டன் வலது என்ஜின் எண்டு அறிவிப்பும் செய்தார். பின்னால இருந்த சனமும் க்ரூவில சிலரும் இடப்பக்கம்தான் நெருப்பைக் கண்டவை. ஒருத்தரும் முன்னுக்குச் சொல்லேல்லை. 126 பேரில 47 பேர் செத்தவை. "அவைக்குத் தெரியாமலா இருக்கும்" எண்ட நினைப்பு அவ்வளவு ஆபத்து. அந்த நாளில காக்பிட் கதவைத் தட்டிப் போகலாம். 2001-க்குப் பிறகு கதவு கவசக் கதவு. இன்டர்போன் மட்டும்தான் வழி.

#4 – ராம்ப்வாசி

தரையிலிருந்து ஒரு விஷயம் சேர்க்கிறேன். காக்பிட்டுக்கே தெரியாத நெருப்பு ஒன்று உண்டு: டெயில்பைப் ஃபயர்.

ஸ்டார்ட் செய்யும்போதோ நிறுத்தும்போதோ டர்பைன் பக்கம் தேங்கிய எரிபொருள் பற்றிக்கொண்டு பின்வழியாகச் சுவாலை வரும். ஃபயர் டிடெக்டர் லூப்கள் என்ஜினைச் சுற்றி, கவுலிங்குக்குள் (என்ஜினின் வெளி உறை) இருக்கின்றன, டெயில்பைப்புக்குள் கிடையாது. அதனால் மணி அடிக்காது, சிவப்பு விளக்கும் எரியாது. சொல்ல வேண்டியவர்கள் தரையில் ஹெட்செட்டில் இருக்கும் ஆளும் கேபின் க்ரூவும்தான். பகலில் லேசான ஆரஞ்சு நிறத்தோடு போய்விடுவது இரவில் ஏப்ரன் (விமானங்கள் நிற்கும் தளம்) முழுக்க வெளிச்சம் போட்டுக் காட்டும்.

விமானிகள் செய்வது: அந்த என்ஜினுக்கு எரிபொருளை நிறுத்துவார்கள், காற்றால் சுழலவிட்டுச் சுவாலையை வெளியே ஊதித் தள்ளுவார்கள். என்ஜின் ஃபயர் ஹேண்டிலை இழுப்பது இதற்கு மருந்தில்லை; இழுத்தால் சுழலவிட வேண்டிய காற்று வழியும் அடைபடலாம். ஆகவே "டெயில்பைப்" என்ற சொல் செய்தியில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஹெட்செட் பழுதென்றால் ஒளிரும் வாண்ட் (சைகைக் கோல்): இடது வாண்ட் நெருப்பு இருக்கும் பக்கத்தைச் சுட்ட, வலது வாண்டைத் தோளிலிருந்து முழங்கால்வரை விசிறிபோல் அசைக்க வேண்டும்.

இரவில் இன்னொரு தொல்லை, பைபாஸ் பின் (விமானத்தைத் தள்ளும்போது மூக்குச் சக்கர ஸ்டியரிங்கைத் துண்டிக்க மாட்டும் ஊசி). டக்கை (தள்ளும் வண்டி) கழற்றிய பிறகு சிவப்பு நாடாவோடு பின்னைத் தூக்கிக் காட்டுவோம் இல்லையா, அதன் மேல் டார்ச் அடிக்காமல் காட்டினால் காக்பிட்டுக்கு ஒரு நிழல்தான் தெரியும். பெயருக்குக் கையசைத்துவிட்டு அவர்கள் நகரும்போது பின் இன்னும் மாட்டியிருந்தால் ஸ்டியரிங் வேலை செய்யாது. டார்ச்சைப் பின் மேல் அடியுங்கள், காக்பிட் கண்ணில் அடிக்காதீர்கள்.

#5 – கேலிவாசல்

ராம்ப்வாசி அண்ணா, டெயில்பைப் ஃபயரைப் பார்த்துப் பயணிகள் தாங்களாகவே கதவைத் திறக்க எழுந்தால்?

#6 – ராம்ப்வாசி

அதுதான் நெருப்பைவிடப் பெரிய ஆபத்து. பல விமானங்களில் நிஜ டெயில்பைப் ஃபயரால் யாருக்கும் காயம் இருக்காது, இறங்கி ஓடியவர்களுக்குக் கால் உடைந்திருக்கும். ஏ320-இல் வழக்கமாக என்ஜின் 2 முதலில் ஸ்டார்ட் ஆகும். என்ஜின் 1-இல் சுவாலை தெரிகிறது என்றால் மறுபக்கம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இறக்கை மேல் வழியாக இறங்குபவர் அந்த என்ஜினின் சூட்டுக் காற்றுப் பாதையில்தான் போய் நிற்பார்.

"அமருங்கள், இருக்கையிலேயே இருங்கள்" என்று முதல் சில விநாடிகளிலேயே கத்தியாக வேண்டும். ஒரு கையில் இன்டர்ஃபோன் இருக்கட்டும். ஓவர்விங் கதவு வரிசையில் இருப்பவர்களை முதலில் கண்ணால் பிடியுங்கள்.

#7 – பழையபர்சர்

எல்லாம் சரி. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு ஒவ்வொரு 'டொக்'குக்கும் ஆள் ஆளுக்குக் கூப்பிட ஆரம்பித்தால் காக்பிட்டில் எமர்ஜென்சி சைம் கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கூப்பிடுவதற்கு முன் எது இயல்பு என்று தெரிந்திருக்க வேண்டும். இரவில் ஏமாற்றுபவை இவை:

புகை மாதிரி வரும் வெள்ளை ஆவி. சென்னை, கொழும்பு மாதிரி ஈரக்காற்று ஊரில் கதவை மூடி ஏசி பேக் ஓடியதும் மேலே உள்ள துவாரங்களிலிருந்து ஆவி கொட்டும். வாடை இருக்காது, கீழே இறங்கி மறையும். மூக்கை நம்புங்கள், வாடை இருந்தால் ஆவி இல்லை.

ஏ320-இல் புஷ்பேக் நேரத்தில் கார்கோ ஹோல்டுக்குப் பக்கத்திலிருந்து நாய் குரைப்பது போன்ற சத்தம்: பிடியு என்ற கருவி. ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சமன் செய்கிறது. விமானம் கிளம்பியதும் 'தடால்' என்றால் சக்கரம். சுமார் 1,500 அடியில் என்ஜின் சத்தம் சட்டென்று தணிந்து, விமானம் கீழே போவதுபோல் வயிறு சொல்லும். ஏறும் பவருக்குக் குறைக்கிறார்கள்.

மேகத்துக்குள் புகுந்தால் சிவப்பு பீக்கன் (விமான உடலில் மின்னும் விளக்கு) வெளிச்சம் மேகத்தில் பட்டு ஜன்னலெல்லாம் சிவந்து சிவந்து அணையும். "நெருப்பு" என்று அழைப்பு பட்டனை அழுத்தும் பயணிகள் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறார்கள். ஒரே தாளத்தில் வருகிறதா என்று பாருங்கள். தாளம் தப்பினால் பீக்கன் இல்லை.

#8 – வலதுஇருக்கை

பர்சர் மேடம் சொன்னது எல்லாரும் தெரிந்திருக்க வேண்டிய பட்டியல். ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். இயல்பா இல்லையா என்று முடிவு செய்ய முடியாவிட்டால் அந்தச் சந்தேகத்தோடேயே கூப்பிடுங்கள். "இயல்பான சத்தமாக எனக்குத் தெரியவில்லை" என்பதே எங்களுக்குப் போதும். உதாரணம் என்ஜின் சர்ஜ். 'டம் டம்' என்று வெடிச் சத்தம், ஒவ்வொன்றோடும் முன்னாலோ பின்னாலோ சுவாலை. இரவில் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் தீ இல்லை. கவுலிங்கின் ஓரங்களிலிருந்து விடாமல் எரிந்தால் அது வேறு. இரண்டையும் வகைப்படுத்தும் பொறுப்பை உங்கள் தலையில் யாரும் வைக்கவில்லை. சத்தம் எத்தனை தடவை, சுவாலை எங்கிருந்து, விட்டு விட்டா, விடாமலா என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்போது டெயில் ஸ்ட்ரைக். மூக்கைத் தூக்கும்போது வால் அடிப்பகுதி ரன்வேயில் உரசுவது. காக்பிட் வெகுதூரம் முன்னால் இருக்கிறது. லேசான உரசல் எங்களுக்குச் சக்கர அதிர்வோடு கலந்துவிடும். பின் ஜம்ப்சீட்டில் இருப்பவர் காலுக்கடியில் 'கரகர'வென்று தெளிவாகக் கேட்கும். சில வகைகளில் கருவி எச்சரிக்கும், எல்லாவற்றிலும் இல்லை.

கேபின் அழுத்தம்தான் இங்கே பிரச்சினை. உயரம் ஏற ஏற உள்ளே அழுத்தம் வெளியைவிட அதிகமாகும். உடலின் பின்பகுதி கிழிந்திருந்தால் அங்கே பாரம் ஏறும். 737-இல் வழிமுறை: அழுத்தத்தை ஏற்றாதே, அவுட்ஃப்ளோ வால்வை (கேபின் காற்றை வெளியே விடுவது) முழுக்கத் திற, அருகில் பொருத்தமான விமான நிலையத்தில் இறங்கு. ஏ320-இல் 10,000 அடிக்கு மேல் போகாதே, அல்லது அந்தப் பகுதியின் பாதுகாப்பான குறைந்தபட்ச உயரத்துக்கு மேல் போகாதே. இப்போது கணக்குப் பாருங்கள். 10,000 அடி தாண்டி டிங் அடித்த பிறகு "பின்னால் உரசல் கேட்டது" என்று சொன்னால், நிற்க வேண்டிய உயரத்தை ஏற்கெனவே தாண்டியிருப்போம். ஸ்டெரைல் நேரத்தைக் காரணம் காட்டிப் பொறுப்பது இங்கே நேரடியாகத் தப்பு.

திருச்சியை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி, துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737-800. டேக்ஆஃப் ஓட்டத்தில் கேப்டன் இருக்கையின் முதுகுப்பகுதி சட்டென்று பின்னால் சாய்ந்தது, அதோடு த்ரஸ்ட் (என்ஜின் உந்துவிசை) குறைந்தது, விமானிகள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை என்கிறது விசாரணை அறிக்கை. லோக்கலைசர் ஆன்டெனாவிலும் (ரன்வே முனையில் விமானத்துக்கு வழிகாட்டும் கருவி) சுற்றுச்சுவரிலும் மோதியபடி மேலே போனது. மோதியதைச் சொன்னது தரைப்பக்கம். கருவிகள் எல்லாம் இயல்பு என்று காட்ட, விமானம் தொடர்ந்து ஏறி அரபிக்கடல் மேல் போய், பிறகு மும்பையில் இறங்கியது. 136 பேரும் பிழைத்தார்கள். அடிப்பகுதி கிழிந்திருந்ததைத் தரையில்தான் பார்த்தார்கள். "எங்கள் திரையில் எல்லாம் பச்சை" என்பது விமானத்தின் அடித்தகடு முழுசாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. இது எங்கள் பக்கத்துக்கு நான் சொல்வது: கட்டுப்பாட்டுக் கோபுரம் இப்படி ஒன்றைச் சொன்னால், அடுத்த நிமிடமே பின் கேலியைக் கூப்பிட்டு "என்ன கேட்டது, என்ன உணர்ந்தீர்கள்" என்று கேட்க வேண்டும்.

#9 – கட்டுநாயக்கா

கண்ணைப் பற்றிக் கொஞ்சம். இருட்டுக்குக் கண் முழுசாப் பழக 20 தொடக்கம் 30 நிமிசம் எடுக்கும். கேபின் லைட்டை மங்க வைக்கிறது இதுக்குத்தான். சனத்தை நித்திரையாக்க இல்லை. ரன்வேக்குள்ள திரும்பேக்க மங்க வைக்கிறது பெரிசாப் பயனில்லை. டாக்ஸி தொடங்கேக்கயே செய்யுங்கோ. ஜன்னல் மறைப்பு மேல.

கேபினை மங்க வைச்சிட்டுக் கேலி லைட்டை முழுசா எரிய விடுறவை கனபேர். அப்ப கதவு ஜன்னலில உங்கட முகம்தான் தெரியும், வெளி தெரியாது. வெளியேறச் சொன்னா கதவைத் திறக்க முதல் நெருப்பு இருக்கோ, இறக்கைத் துண்டு கிடக்கோ எண்டு பார்க்கோணும் இல்லையா. கேலி லைட்டை அணையுங்கோ. டோர்ச்சைக் கண்ணாடியில ஒட்டி வைச்சு அடியுங்கோ; தள்ளிப் பிடிச்சா வெளிச்சம் திரும்பி உங்கட கண்ணிலதான் விழும். மற்றக் கையால பக்கத்தை மறையுங்கோ.

இன்னொண்டு, ஒருத்தரும் கவனிக்கிறேல்லை. தரையில ஒட்டியிருக்கிற ஒளிரும் பட்டை நிறைய விமானங்களில பட்டரி இல்லாத வகை. வெளிச்சத்தைக் குடிச்சு வைச்சுத்தான் இருட்டில ஒளிரும். மணிக்கணக்கா இருட்டில நிண்ட விமானத்தை எடுத்து, மங்கின லைட்டோட ஆக்களை ஏத்தி, அப்பிடியே கிளம்பினா அந்தப் பட்டை வெறும் பிளாஸ்டிக். எவ்வளவு நேரம் முழு லைட் எரியோணும் எண்டு உங்கட கையேட்டில இருக்கும். முதல் இரவுப் பறப்புக்கு முதல் அதைப் பாருங்கோ. மேல இருக்கிற அவசர விளக்குகளுக்குப் பட்டரி உண்டு. குறைஞ்சது 10 நிமிசம் தாங்கோணும் எண்டது தரம்.

#10 – சாங்கிதமிழன்

இன்டர்ஃபோனும் பிஏவும் (கேபின் ஒலிபெருக்கி) வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டுதான் எல்லாரும் பேசுகிறீர்கள். வேலை செய்யாத இரண்டு இரவுகள்:

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ006. 2000 அக்டோபர் 31, இரவு 11.17, தைப்பே, புயல் மழை. 05 இடது ரன்வேக்குப் போக வேண்டிய 747-400, பராமரிப்புக்காக மூடியிருந்த 05 வலதில் ஓட ஆரம்பித்து, கட்டுமான இயந்திரங்களில் மோதி உடைந்தது. 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். மோதியதும் பிஏ செத்துவிட்டது. வெளியேறும் கட்டளை கேபினுக்கு அந்த வழியில் போய்ச் சேரவில்லை.

டோக்கியோ ஹனேடா. 2024 ஜனவரி 2, மாலை இருட்டிய பிறகு. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350, ரன்வேயில் நின்ற கடலோரக் காவல்படை டாஷ் 8 மேல் மோதியது. காவல்படை விமானத்தில் 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். ஏ350-இல் பிஏவும் இன்டர்ஃபோனும் போய்விட்டன. க்ரூ மெகாஃபோனாலும் தொண்டையாலும் நடத்தினார்கள். 8 கதவுகளில் 3 மட்டுமே பயன்பட்டன. பின் இடது கதவில் இருந்தவருக்குக் காக்பிட்டோடு தொடர்பே கிடைக்கவில்லை. வெளியே பார்த்துத் தானே முடிவெடுத்துத் திறந்தார். 379 பேரும் வெளியே வந்தார்கள்.

அதனால் ஜம்ப்சீட்டில் உட்கார்ந்ததும் செய்யும் மௌன ஒத்திகையில், என் மெகாஃபோன் எங்கே, கட்டளை வராவிட்டால் எதைக் கண்டால் நானே திறப்பேன், எதைக் கண்டால் திறக்க மாட்டேன் என்ற மூன்றும் இருக்கட்டும். கதவு ஆர்ம்டா (திறந்தால் அவசரச் சறுக்கு விரியும் நிலையா) என்பதோடு ஒத்திகையை முடித்துக்கொள்பவர்களே அதிகம்.

#11 – பழையபர்சர்

உடல் களைப்பையும் ஒரு வரி எழுதிவிடுகிறேன். அதிகாலை 2 முதல் 6 வரை உடம்பு தூங்கத்தான் கேட்கும்; அந்த நேரத்தில் காது கேட்கும், மூளை பதிவு செய்யாது. இந்தியாவில் விமானிகளுக்கான பணிநேர விதியில் 'இரவு' என்பது நள்ளிரவு முதல் 6 வரை என்று நீட்டப்பட்டதும், வார ஓய்வு 36-லிருந்து 48 மணியானதும் இந்தக் கணக்கில்தான். க்ரூ ப்ரீஃபிங்கில் "எல்லாம் புரிந்ததா" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "பின்னால் உரசல் கேட்டால் எப்போது கூப்பிடுவாய்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் ஒரு விநாடி தாமதமானாலே ஆளின் நிலை தெரிந்துவிடும். காக்பிட் தரும் நிட்ஸ் தகவலை (என்ன பிரச்சினை, என்ன திட்டம், எவ்வளவு நேரம், தனிக் கட்டளை) காகிதத்தில் எழுதித் திருப்பிப் படியுங்கள். விடிகாலை நாலு மணிக்கு "7 நிமிடம்" என்பது "17" ஆகிவிடும்.

#12 – கேலிவாசல்

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. சக்கரம் மடங்கிவிட்டது, நான் எமர்ஜென்சி கால் (இன்டர்ஃபோனில் அவசர அழைப்பு) போட்டேன், எடுக்கவில்லை. என்ன செய்வது?

#13 – வலதுஇருக்கை

எமர்ஜென்சி கால் போட்டால் ஏ320 காக்பிட்டில் மூன்று நீண்ட பஸர் அடிக்கும், கேட்காமல் இருக்க வழியில்லை. எடுக்கவில்லை என்றால் அந்த விநாடியில் கை வேறு எதிலோ இருக்கிறது. என்ஜின் பழுது என்றால் முதல் 400 அடி வரை எந்தச் செக்லிஸ்ட்டையும் தொடக்கூட மாட்டோம். ரிசீவரை வைக்காதீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள், பார்த்துக்கொண்டே இருங்கள். எடுத்ததும் "ஸ்டாண்ட் பை" என்று சொல்லிவிட்டுப் போனால் அதுவும் பதில்தான், இருப்பது தெரிந்துவிட்டது. திரும்பவும் மௌனமாகவே இருந்தால் மறுபடி போடுங்கள், இன்னொரு ஸ்டேஷனிலிருந்தும் போடச் சொல்லுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் விமானிகள் செயலிழந்த நிலைக்கான வழிமுறைக்குப் போக வேண்டும். கீபேடில்

#14 – நெறியாளர்

மேலே உள்ள பதிவில் காக்பிட் கதவைத் திறக்கும் முறை பற்றிய பகுதி நீக்கப்பட்டது. அது அவரவர் நிறுவனக் கையேட்டில் இருக்கிறது, பொதுவெளியில் வேண்டாம். இழை திறந்தே இருக்கும். ஏடிஆர், டாஷ் 8 வகை டர்போபிராப் விமானங்களில் இரவு நடைமுறை தெரிந்தவர்கள் தொடரலாம்.